தேர்வு கொஞ்சம், குலுக்கல் நிறைய: மனித மரபணுத் தொகுதி இந்த வடிவத்துக்கு வந்த வழி

மனித மரபணுத் தொகுதியின் ஒரு பிரதியில் சுமார் 310 கோடி எழுத்துகள் இருக்கின்றன. ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் நீண்ட வரி அது. அதில் புரதம் செய்யும் குறிப்பு எழுதப்பட்ட பகுதி 1.5 சதவீதம் தேறினால் அதிகம். அப்படிப்பட்ட மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. மொத்தத்தில் 45 சதவீதத்துக்கு மேல், எப்போதோ உள்ளே புகுந்து தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்ட ஒட்டுண்ணித் துண்டுகளின் மிச்சம். வெங்காயத்தின் மரபணுத் தொகுதி நம்முடையதைப் போல் ஐந்து மடங்கு, 1,600 கோடி எழுத்து. வெங்காயத்துக்கு நம்மைவிட ஐந்து மடங்கு வேலை இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பரிணாமம் என்றதும் இயற்கைத் தேர்வுதான் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு எழுத்தும் ஏதோ ஒரு பயனுக்காகவே அங்கே இருக்கிறது என்ற எண்ணமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. மேலே சொன்ன கணக்கு அந்த எண்ணத்துக்கு இடம் தருவதில்லை. புதிய எழுத்தை நுழைப்பது சடுதிமாற்றம். நுழைந்தவற்றில் பெரும்பாலானவற்றின் தலைவிதியை முடிவு செய்வது மரபியல் நகர்வு என்ற குருட்டுக் குலுக்கல். தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளைத் துண்டு மாற்றிச் சேர்க்கும் மறுசேர்க்கை சீட்டைக் கலைத்துப் போடுகிறது. இடப்பெயர்வும் கலப்பும் வேறு சீட்டுக்கட்டிலிருந்து சீட்டைக் கொண்டுவந்து செருகுகின்றன. இத்தனைக்கும் நடுவில்தான் தேர்வு வேலை செய்கிறது, அதுவும் பெரும்பாலும் களை பிடுங்கும் வேலை. ஆகவே ஒரு பகுதியைக் காட்டி ‘இது தேர்வு செய்தது’ என்று சொல்வதற்கு முன் மற்ற விசைகளின் பங்கைக் கழித்துப் பார்த்தாக வேண்டும். அந்தக் கழித்தலில்தான் இந்தத் துறை பலமுறை வழுக்கியிருக்கிறது.

பிழை நுழையும் வழி

ஒரு குழந்தை பிறக்கும்போது தாயிடமும் தந்தையிடமும் இல்லாத 60 முதல் 70 புதிய ஓரெழுத்து மாற்றங்கள் அதனிடம் இருக்கும். முக்கால் பங்குக்கு மேல் தந்தை வழி வருபவை. பெண்ணின் முட்டைச் செல்கள் அவள் பிறக்கும் முன்பே பிரிவதை நிறுத்திவிடுகின்றன. ஆணின் விந்துத் தாய்ச்செல்களோ பருவமடைந்த நாள் முதல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. தந்தையின் வயது ஓர் ஆண்டு கூடினால் குழந்தையின் மாற்றங்களில் சராசரியாக ஒன்றோ ஒன்றரையோ கூடுகிறது.

60, 70 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். 800 கோடி பேருடன் பெருக்கிப் பாருங்கள். ஒரே தலைமுறையில், 310 கோடி இடங்களில் ஒவ்வொன்றும் உலகில் எங்கோ சராசரியாக நூறு முறைக்கு மேல் மாறியிருக்கும். உயிர் தாங்கக்கூடிய எந்த ஓரெழுத்து மாற்றமும் இன்று யாரோ ஒருவரிடம் இருந்தாக வேண்டும் என்பது இதன் பொருள். பரிணாமத்துக்கு மூலப்பொருள் தட்டுப்பாடு என்பது மனிதர்களிடம் இப்போதைக்கு இல்லை.

எல்லா இடமும் ஒரே வேகத்தில் மாறுவதும் இல்லை. சி என்ற எழுத்துக்கு அடுத்து ஜி வரும் இடங்களைக் கவனியுங்கள். அங்கே சி-யின் தலையில் பெரும்பாலும் ஒரு மெத்தில் குழு ஒட்டியிருக்கும். மரபணுவை அணைத்து வைக்கச் செல் பயன்படுத்தும் குறி அது. மெத்தில் ஒட்டாத சி தன் அமினோ குழுவை இழந்தால் யுராசில் ஆகும். டிஎன்ஏ-யில் யுராசிலுக்கு வேலை இல்லை என்பதால் பழுதுபார்க்கும் நொதிகள் அதை உடனே கண்டுபிடித்து மாற்றிவிடும். மெத்தில் ஒட்டிய சி அதே விபத்தில் சிக்கினால் டி ஆகிவிடும். டி என்பது முறையான எழுத்து. எது அசல், எது பிழை என்று நொதிக்குப் பிடிபடாமல் போவது இங்கேதான். அதனால் இந்த இடங்களில் சடுதிமாற்றம் மற்ற இடங்களைவிடப் பத்து மடங்கு வேகம். கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படியே கரைந்ததில், சி-ஜி இணை இருக்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. இது தேர்வு செதுக்கிய உருவம் அல்ல. வேதியியல் அரித்துவிட்ட தடம்.

தேர்வுகூட நாம் நினைக்கும் இடத்தில் மட்டும் நடப்பதில்லை. கைகால் எலும்பு வளர்ச்சி குன்றும் அகாண்ட்ரோபிளாசியா என்ற நிலைக்கு எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவில் ஏறக்குறைய எப்போதும் ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான் காரணம். இந்த நிலையுள்ள குழந்தைகளில் சுமார் 80 சதவீதம் பேருக்குப் பெற்றோர் சராசரி உயரம் கொண்டவர்களே. மாற்றம் புதிதாக வந்தது. அந்த ஒரே இடத்தில் மாற்றம் நேரும் வீதம் எதிர்பார்ப்பதைவிடப் பல நூறு மடங்கு அதிகம். அந்த இடம் சி-ஜி இணை என்பதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. மாறிய விந்துத் தாய்ச்செல் பக்கத்துச் செல்களைவிடக் கொஞ்சம் வேகமாகப் பெருகி, விந்தகத்துக்குள் ஒரு திட்டாகப் பரவிவிடுகிறது. செல்லுக்கு லாபம், பிறக்கும் உடலுக்கு நட்டம். எந்த மட்டத்தில் தேர்வு நடக்கிறது என்று கேட்காமல் ‘நல்ல மாற்றம்’ என்று பேசுவதில் அர்த்தமில்லை.

குலுக்கலின் கணக்கு

புதிதாக வந்த ஒரு மாற்றம் தலைமுறைகளைத் தாண்டி எல்லோரிடமும் நிலைத்துவிட எவ்வளவு வாய்ப்பு? லாபமும் நட்டமும் இல்லாத மாற்றம் என்றால், மக்கள்தொகை அளவை 2-ஆல் பெருக்கி (ஒவ்வொருவரிடமும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள்) 1-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பதுதான் விடை. 10,000 பேர் கொண்ட கூட்டத்தில் 20,000-ல் ஒன்று. பயனுள்ள மாற்றத்துக்கும் வழி அவ்வளவு லேசானதல்ல: அதை வைத்திருப்பவர் மற்றவரைவிட 1 சதவீதம் கூடுதலாகப் பிள்ளை பெற்று வளர்க்கிறார் என்றாலும், அது நிலைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2 சதவீதம்தான். நூற்றில் 98 நல்ல மாற்றங்கள் முதல் சில தலைமுறைகளிலேயே, வாரிசு இல்லாமலோ வாரிசுக்குப் போய்ச் சேராமலோ அழிந்துபோகின்றன.

மனிதர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. இன்று 800 கோடிப் பேர் இருந்தாலும், நம் மரபணு வேறுபாட்டின் அளவைக் கொண்டு பார்த்தால், நீண்டகால வரலாற்றில் நம் பயனுறு மக்கள்தொகை, அதாவது இதே அளவு குலுக்கலைத் தரக்கூடிய கற்பனைக் கூட்டத்தின் அளவு, 10,000 அளவில்தான் இருந்திருக்கிறது. எந்த இரண்டு பேரை எடுத்தாலும் ஆயிரம் எழுத்துக்கு ஒன்றுதான் வித்தியாசம். ஆப்பிரிக்காவிலிருந்து சிறு சிறு குழுக்களாகக் கிளம்பிப் பரவியதில் ஒவ்வொரு குழுவும் தன் பங்கு வேறுபாட்டைக் கொஞ்சம் தொலைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூரம் கூடக் கூட வேறுபாடு படிப்படியாகக் குறைவதை இன்றும் அளந்து காட்டலாம்.

சிறிய கூட்டத்தில் தேர்வின் கண் மங்கிவிடுகிறது. ஒரு மாற்றத்தால் வரும் நட்டம் 20,000-ல் ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் தேர்வுக்கு அது தெரியவே தெரியாது. குலுக்கல்தான் முடிவு செய்யும். 1968-ல் ஜப்பானிய மரபியலாளர் மோட்டூ கிமுரா நடுநிலைக் கோட்பாட்டை முன்வைத்தபோது சொன்னதன் சாரம், மூலக்கூறு அளவில் நிலைத்த மாற்றங்களில் மிகப் பெரும்பான்மை இப்படி நடுநிலையானவை என்பதுதான். 1973-ல் தோமோகோ ஓட்டா அதை நீட்டினார்: கொஞ்சம் கெடுதலான மாற்றங்களும் சிறிய கூட்டத்தில் நடுநிலை வேடம் போட்டுத் தப்பித்துவிடும். கோடிக்கணக்கில் திரியும் பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதி கச்சிதமாக இருப்பதற்கும் நம்முடையது ஊதிக் கிடப்பதற்கும் முக்கியக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

கிமுராவின் கணக்கில் ஓர் அழகு உண்டு. கூட்டம் பெரிதானால் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய மாற்றங்கள் அதிகம், ஒவ்வொன்றும் நிலைக்கும் வாய்ப்பு அந்த அளவுக்கே குறைவு. இரண்டையும் பெருக்கினால் மக்கள்தொகை அடிபட்டுப் போய், மிஞ்சுவது சடுதிமாற்ற வீதம் மட்டுமே. நடுநிலைப் பகுதிகளைக் கடிகாரமாகப் பயன்படுத்த முடிவது இதனால்தான். 2005-ல் சிம்பன்சியின் மரபணுத் தொகுதி வெளியானபோது, நமக்கும் அதற்கும் சுமார் 3.5 கோடி ஓரெழுத்து வித்தியாசங்கள் இருப்பது தெரிந்தது. ‘மனிதனை மனிதனாக்கிய மாற்றங்கள்’ இதற்குள்தான் இருக்கின்றன. ஆனால் மிகப் பெரும்பாலானவை கடிகாரத்தின் டிக் டிக் ஓசை மட்டுமே. ஊசி எது, வைக்கோல் எது என்று பிரிப்பதுதான் வேலை.

பயன்படாத மரபணு எப்படிச் சாகிறது என்பதற்கு வைட்டமின் சி நல்ல எடுத்துக்காட்டு. பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. கடைசிப் படிக்கான நொதியின் மரபணு நம்மிடமும் 8-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பல துண்டுகள் உதிர்ந்த போலி மரபணுவாக. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதைகளின் உணவிலேயே வைட்டமின் சி போதுமான அளவு இருந்தது. மரபணு கெட்டவரும் கெடாதவரும் ஒரேபோல் பிழைத்தார்கள். கவனிக்க ஆள் இல்லாத வீடு போல அது இடிந்தது. கினிப் பன்றிகளிடம் இதே மரபணு தனியாக, வேறு இடங்களில் உடைந்திருக்கிறது. முகர்வு உணரிகளின் கதையும் இதுவே: வேலை செய்யும் மரபணுக்கள் நம்மிடம் சுமார் 400, குறைந்தது அதே எண்ணிக்கையில் செத்த பிரதிகளும் கூடவே கிடக்கின்றன.

குடிபுகுந்த ஒட்டுண்ணிகள்

ஆலு என்ற துண்டின் நீளம் சுமார் 300 எழுத்து. சொந்தமாக நகலெடுக்கும் நொதிகூட அதனிடம் கிடையாது. எல்1 என்ற இன்னொரு ஒட்டுண்ணியின் நொதியைக் கடன் வாங்கிப் பெருகுகிறது. ஒட்டுண்ணிமேல் ஒட்டுண்ணி. அப்படிப் பெருகியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளுடன் நம் மரபணுத் தொகுதியில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு 8 சதவீதம் தம் மரபணுவை நம் டிஎன்ஏ-யில் செருகிவிடும் ரெட்ரோவைரஸ்களின் பழைய எச்சம். உடம்புக்கு உதவுகிறதா என்பது இவற்றுக்குப் பொருட்டில்லை. நகல் எண்ணிக்கை கூடுவதே இவற்றின் வெற்றி.

ஆனாலும் இவ்வளவு பொருள் சிதறிக் கிடக்கும்போது, தற்செயலாகச் சில எங்காவது பொருந்திவிடத்தான் செய்யும். வால் போன கதை அதில் ஒன்று. 2024-ல்தான் விவரமாக வெளிவந்தது. கருவில் வால் உருவாக டிபிஎக்ஸ்டி என்ற மரபணு தேவை. வாலில்லாக் குரங்குகளின் மூதாதை ஒன்றில், சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த மரபணுவின் 6-ஆம் இன்ட்ரானுக்குள் ஓர் ஆலு வந்து விழுந்தது. இன்ட்ரான் என்பது எப்படியும் வெட்டி எறியப்படும் பகுதி; அங்கே விழுந்தால் கேடில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 5-ஆம் இன்ட்ரானில் ஏற்கெனவே இன்னோர் ஆலு எதிர்த்திசையில் உட்கார்ந்திருந்தது. மரபணுவின் வேலைப்பிரதியான ஆர்என்ஏ உருவானதும் எதிரெதிர்த் திசையில் இருந்த இந்த இரண்டும் ஜிப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; நடுவில் இருக்கும் 6-ஆம் எக்ஸான் (வெட்டாமல் வைத்துக்கொள்ளும் பகுதி) ஒரு வளையமாக வெளியே தள்ளப்படுகிறது. வெட்டி ஒட்டும் இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடுவதால், புரதத்தில் ஒரு பங்கு குட்டை வடிவில் உருவாகிறது. எலிகளில் இதே குட்டை வடிவத்தை உருவாக்கிப் பார்த்தபோது வால் சுருங்கியது, சிலவற்றில் இல்லாமலே போனது. சிலவற்றுக்குத் தண்டுவடக் குழாய் சரியாக மூடாத குறையும் வந்தது. வால் இல்லாததில் ஏதோ ஆதாயம் இருந்து அந்த விலையைக் கொடுத்தார்களா, சிறு கூட்டத்தில் குலுக்கலில் விழுந்ததா? கிளையில் நிமிர்ந்து நடக்க வசதி என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. கேட்க நன்றாக இருப்பது ஆதாரம் ஆகாது.

நஞ்சுக்கொடியில் இருக்கும் சின்சிட்டின் புரதமும் இப்படிக் குடிபுகுந்ததுதான். வைரஸ் தன் உறையைச் செல்லோடு இணைக்கப் பயன்படுத்திய அதே புரதம், இப்போது கருவின் வெளிப்புறச் செல்களை இணைத்து ஒரே படலமாக ஆக்குகிறது. வெவ்வேறு பாலூட்டி இனங்கள் வெவ்வேறு வைரஸ்களிடமிருந்து இதே வேலைக்கு ஆள் பிடித்திருக்கின்றன.

2012-ல், மனித மரபணுத் தொகுதியின் செயல்படும் பகுதிகளைப் பட்டியலிட முனைந்த என்கோட் திட்டம் மரபணுத் தொகுதியின் 80 சதவீதத்துக்குச் செயல்பாடு உண்டு என்று அறிவித்தபோது எழுந்த சச்சரவை இங்கே சொல்ல வேண்டும். ஒரு புரதம் வந்து ஒட்டினாலோ கொஞ்சம் ஆர்என்ஏ உருவானாலோ அதைச் செயல்பாடு என்று எண்ணிக்கொண்டார்கள். பாலூட்டிகளை வரிசையாக வைத்து, மாறாமல் காக்கப்பட்ட பகுதி எவ்வளவு என்று அளந்தால் கிடைப்பது 10 சதவீதத்தை ஒட்டிய எண். கெட்டுப்போனால் யாருக்கும் நட்டமில்லாத ஒன்றைச் செயல்பாடு என்று அழைப்பது வார்த்தையை வீணடிப்பது. இரண்டாவது அளவைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

களையெடுப்பும் கட்டுமானமும்

அந்தப் பத்தில் ஒரு பங்கைக் காப்பாற்றுவதுதான் தேர்வின் அன்றாட வேலை. யாருக்கும் தெரியாமல் நடக்கும் வேலை அது: கருக்கலைவாக, பிள்ளையில்லாமையாக, இளவயது நோயாக. அப்படியும் ஒவ்வொருவரும் சுமார் 100 மரபணுக்களில் செயலிழக்கச் செய்யும் மாற்றங்களைச் சுமந்துகொண்டு திரிகிறோம். பெரும்பாலானவற்றில் இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால் தெரிவதில்லை. தேர்வின் கை எட்டாத இடமும் உண்டு. மூளைச் செல்களைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோயில் சிஏஜி என்ற மூன்றெழுத்து 40 முறையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப வந்தால் நோய் வருவது உறுதி. ஆனால் பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். அதற்குள் பிள்ளைகள் பிறந்திருப்பார்கள்.

தேர்வு கட்டியெழுப்பிய இடங்களைப் பார்த்தால் அவை அவசரத்தில் போட்ட ஒட்டுகளாகவே இருக்கின்றன. அரிவாள் செல் மாற்றம் மிகப் பழகிய எடுத்துக்காட்டு. கணக்கோடு பார்க்கும்போதுதான் அதன் கொடூரம் தெரியும். இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணுவின் 6-ஆம் மூன்றெழுத்துக் குறியீட்டில் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது. குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் வந்து உட்கார்கிறது. ஒரு பிரதி மாறியவருக்கு மலேரியாவின் கடுமையான தாக்குதலிலிருந்து பாதுகாப்பு. இரண்டும் மாறியவருக்கு அரிவாள் செல் நோய். மலேரியா கடுமையாக உள்ள ஓர் இடத்தில், பாதுகாப்பு இல்லாதவர்களில் 10 சதவீதம் அதனால் சாகிறார்கள், நோயுள்ளவர்கள் சிகிச்சையின்றிப் பிள்ளை பெறும் வயதை எட்டுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். மாற்றத்தின் பங்கு 0.1-ஐ 1.1-ஆல் வகுத்தால் வரும் 9 சதவீதத்தில் வந்து நிற்கும். ஆயிரம் பிறப்பில் 165 பேர் காப்பாற்றப்பட்ட ஒற்றைப் பிரதிக்காரர்கள், 8 பேர் நோயாளிகள், மீதி 826 பேரில் 83 பேர் மலேரியாவுக்குப் பலி. இதைவிட நல்ல நிலைக்கு இந்த ஏற்பாட்டால் போகவே முடியாது. ஒற்றைப் பிரதிக்காரர் இருவர் சேர்ந்தால் நான்கில் ஒரு பிள்ளைக்கு இரட்டைப் பிரதி வந்தே தீரும். அந்தோணி அலிசன் 1954-ல் மலேரியாத் தொடர்பைக் காட்டினார்.

மலேரியாவை முழுக்க ஒழித்துவிட்டால்? மாற்றம் உடனே மறையாது. அதே கணக்கில், 9 சதவீதம் பாதியாகக் குறைய 11 தலைமுறை, அது மீண்டும் பாதியாக 22 தலைமுறை. அரிதாக ஆக ஆக, மாறிய பிரதிகள் நலமான ஒற்றைப் பிரதிக்காரர்களிடமே ஒளிந்துகொள்வதால் தேர்வின் கைக்கு அகப்படுவதில்லை.

லாக்டேஸ் வேறு வகை. பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதியைப் பாலூட்டிக் குட்டிகள் பால் மறந்ததும் நிறுத்திவிடுகின்றன. பெரும்பாலான மனிதர்களும் அப்படியே. நிறுத்தாமல் தொடர்பவர்களிடம் மாறியிருப்பது லாக்டேஸ் மரபணு அல்ல. அதற்கு 13,910 எழுத்துகள் முன்னால், எம்சிஎம்6 என்ற வேறொரு மரபணுவின் 13-ஆம் இன்ட்ரானுக்குள் ஒரு சி, டி ஆகியிருக்கிறது. அந்த இடம் லாக்டேஸுக்கான சுவிட்சு. மாற்றம் வந்தபின் அது அணைவதில்லை. ஐரோப்பாவில் பரவியது இந்த மாற்றம். கென்யா, தான்சானியாவின் மேய்ச்சல் சமூகங்களில் அதே சுவிட்சின் வேறு எழுத்து, 14,010-ஆவது இடத்தில், தனியாக மாறியிருப்பதை 2007-ல் கண்டார்கள். ஒரே பூட்டு, வெவ்வேறு சாவி. தேர்வுக்கு இதைவிடப் பலமான சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் ‘பால் குடித்தார்கள், அதனால் பரவியது’ என்று முடித்துவிட முடியாது. ஐரோப்பாவின் முதல் உழவர்களின் எலும்பில் இந்த மாற்றம் இல்லை. அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அது இல்லாமலே பாலைப் பயன்படுத்தினார்கள். செரிக்காத பாலால் வரும் வயிற்றுப்போக்கு சாதாரண நாளில் தொல்லை மட்டுமே. பஞ்சத்திலும் தொற்றுநோயிலும் உயிரைக் கொல்லும், தேர்வு கடுமையானது அப்போதுதான் என்று 2022-ல் ஒரு விளக்கம் வைக்கப்பட்டது. இதுவே அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

எதுவும் புதிதாக எழுதப்பட வேண்டும் என்பதும் இல்லை. ஏற்கெனவே உள்ளதை இரட்டித்து ஒன்றைத் திருத்துவதும் ஒரு வழி. நம் சிவப்பு, பச்சை நிற உணரிகள் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் அடுத்தடுத்து இருக்கும் இரட்டைப் பிரதிகள். 364 அமினோ அமிலங்களில் 15 அளவில்தான் வேறுபாடு. இந்த ஒற்றுமையே வினை. இனச்செல் உருவாகும்போது குரோமோசோம்கள் இணையும் நேரத்தில், ஒன்றின் சிவப்பு மற்றதன் பச்சையோடு தவறாகச் சேர்ந்துவிடலாம். அங்கே குறுக்கேற்றம் என்ற துண்டுப் பரிமாற்றம் நடந்தால் ஒரு குரோமோசோம் ஒரு மரபணுவை இழக்கும், மற்றது கூடுதலாகப் பெறும். சில சமயம் இரண்டும் ஒட்டிய கலப்பு வடிவம் உருவாகும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு இருப்பதன் பின்னணி இதுதான். ஆணிடம் எக்ஸ் ஒன்றே ஒன்று.

கடன் வாங்கிய துண்டுகள்

இன்னொரு வழி, வேறு மனித இனத்திடமிருந்து வாங்குவது. 2010-ல் ஸ்வாந்தே பாபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. 2022-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்பவர்களின் மரபணுத் தொகுதியில் சுமார் 2 சதவீதம், ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த கலப்பில் வந்தது. திபெத்தில் 4,000 மீட்டர் உயரத்தில் வாழ்பவர்களிடம் இருக்கும் இபிஏஎஸ்1 மரபணுவின் வடிவம் இன்னொரு மறைந்த இனமான டெனிசோவனிடமிருந்து வந்தது என்று 2014-ல் தெரிந்தது. தாழ்நிலத்தவர் மேலே போனால் உடல் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொண்டே போய் இரத்தம் தடித்துவிடும். இந்த வடிவம் அந்த மிகை எதிர்வினையை அடக்குகிறது. திபெத்தியரில் மிகப் பரவலாகவும், பக்கத்து ஹான் சீனரில் அரிதாகவும் காணப்படுகிறது.

வாங்கியதில் பெரும்பகுதியைத் தேர்வு துரத்திவிட்டது. நியாண்டர்தால் எழுத்து அறவே இல்லாத நெடும் பாலைவனங்கள் நம் மரபணுத் தொகுதியில் உண்டு. எக்ஸ் குரோமோசோமில் அதிகம். நியாண்டர்தால்களின் கூட்டம் நம்முடையதைவிடவும் சிறியது. ஓட்டா சொன்ன அந்தக் கொஞ்சம் கெடுதலான மாற்றங்கள் அங்கே நிறையச் சேர்ந்திருந்தன, பெரிய கூட்டத்துக்குள் வந்ததும் தேர்வின் கண்ணில் பட்டன. தப்பியவற்றிலும் எல்லாம் வரம் அல்ல. 3-ஆம் குரோமோசோமில் சுமார் 50,000 எழுத்து நீளமுள்ள ஒரு நியாண்டர்தால் துண்டு கடுமையான கோவிட் நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2020-ல் கண்டறியப்பட்டது. தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைச் சுமக்கிறார்கள். கிழக்காசியாவில் கிட்டத்தட்ட இல்லை. தெற்காசியாவில் அது இவ்வளவு பரவ வேறு ஏதோ நோய்க்கு எதிரான பயன் காரணமா என்பது சோதிக்க வேண்டிய கேள்வி.

தேர்வை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள்

ஒரு மாற்றம் வேகமாகப் பரவினால் அக்கம்பக்கத்து எழுத்துகளும் அதோடு சேர்ந்து பரவும். கூட்டத்தோடு கோவிந்தா போடும் இந்தப் பயணிகளைக் கலைக்கும் வேலை மறுசேர்க்கையுடையது. 10 லட்சம் எழுத்துத் துண்டு ஒரு தலைமுறையில் உடைய ஏறத்தாழ 1 சதவீத வாய்ப்பு. ஆக, பரவலாக இருக்கும் ஒரு மாற்றத்தைச் சுற்றி நீண்ட, உடையாத துண்டு இருந்தால் அது சமீபத்தில் வேகமாக ஏறியது என்று பொருள். லாக்டேஸ் மாற்றத்தைச் சுற்றி அந்தத் துண்டு 10 லட்சம் எழுத்துக்கு மேல் நீள்கிறது. பழைய தேர்வுக்கு இந்த முறை உதவாது. 30,000 ஆண்டு கடந்தால் துண்டு பொடிப்பொடியாகிவிடும். வேறுபாடு குறைவாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்வதும் ஆபத்து: பக்கத்தில் இடைவிடாமல் நடக்கும் களையெடுப்பும், மக்கள்தொகை ஒருமுறை சுருங்கியதும் அதே தடத்தை விடும்.

ஃபாக்ஸ்பி2 இதற்குப் பாடம். பேச்சோடு தொடர்புடைய இந்த மரபணுவில் மனிதருக்கே உரிய இரண்டு அமினோ அமில மாற்றங்கள் உண்டு, சமீபத்தில் தேர்வு அவற்றை வேகமாகப் பரப்பியது என்று 2002-ல் அறிவித்தார்கள். ‘மொழி மரபணு’ என்று செய்தி பறந்தது. பிறகு அதே இரண்டு மாற்றங்களும் நியாண்டர்தாலிடமும் இருப்பது தெரிந்தது. 2018-ல் ஆப்பிரிக்கர்கள் உட்பட நிறையப் பேரை வைத்துச் சோதித்தபோது சமீபத்திய தேர்வின் தடயமே மறைந்துவிட்டது. முதல் ஆய்வின் மாதிரி சிறியது, அதிலும் ஆப்பிரிக்கர் மிகக் குறைவு. ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறியபோது கூட்டம் சுருங்கிய தடத்தைத் தேர்வு என்று படித்திருந்தார்கள். பேச்சுக்கு அந்த மரபணு தேவை என்பதில் சந்தேகமில்லை. பொய்த்தது அதன் வரலாறு.

எச்ஏஆர்1 இன்னும் நுட்பமான பொறி. 118 எழுத்துகள் கொண்ட இந்தத் துண்டில் கோழிக்கும் சிம்பன்சிக்கும் 2 எழுத்துதான் வித்தியாசம். சிம்பன்சியைப் பிரிந்தபின் மனித வழியில் 18 மாறியிருக்கின்றன. வளரும் மூளையில் செயல்படுகிறது வேறு. தேர்வின் கைவரிசை என்று தோன்றாமல் இருக்குமா? அந்தப் பதினெட்டையும் பாருங்கள்: எல்லாமே ஏ அல்லது டி இருந்த இடத்தில் ஜி அல்லது சி வந்தவை. மறுசேர்க்கையின்போது இரண்டு இழைகள் பொருந்தாத இடத்தைச் சரிசெய்யும் நொதிகளுக்கு ஜி, சி பக்கம் ஒரு சாய்வு உண்டு. அந்தச் சாய்வு மட்டுமே, உடலுக்கு எந்தப் பயனும் இல்லாமல், ஒரு சிறு பகுதியை இப்படி வேகமாக மாற்றிவிட முடியும். 18-ல் எத்தனை தேர்வுடையவை, எத்தனை நொதியின் பாரபட்சம் என்பதை எழுத்தெழுத்தாகச் செல்லில் சோதித்துத்தான் பிரிக்க வேண்டும்.

உயரம் போல ஆயிரக்கணக்கான மரபணு இடங்கள் சேர்ந்து தீர்மானிக்கும் பண்புகளில் வழுக்கல் இன்னும் பெரிது. வட ஐரோப்பியர் தென் ஐரோப்பியரைவிட உயரமாக இருப்பதற்கு மரபணுத் தேர்வே காரணம் என்று சில ஆண்டுகள் பாடப்புத்தகம் போலச் சொல்லப்பட்டது. ஒவ்வோர் இடத்தின் விளைவும் மில்லிமீட்டரின் பின்னம்; அதை அளந்த பழைய ஆய்வுகள் பல நாட்டு மாதிரிகளைச் சேர்த்துக் கட்டியவை. வடக்கில் அதிகமாகக் காணப்படும் எந்த எழுத்தும், உயரத்தோடு சம்பந்தமே இல்லாவிட்டாலும், கொஞ்சம் ‘உயர எழுத்து’ போலத் தெரிந்துவிடும். ஒரு இடத்தில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆயிரம் இடங்களைக் கூட்டும்போது எல்லாப் பிழையும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டு, தேர்வின் பலமான சான்றாக உருவெடுக்கிறது. 2019-ல் இரண்டு குழுக்கள், ஒரே நாட்டில் திரட்டிய யூகே பயோபேங்க் என்ற பிரிட்டன் மரபணு, உடல்நலத் தொகுப்பின் தரவை வைத்து விளைவுகளை அளந்து கணக்கைத் திரும்பப் போட்டன. சான்றில் பெரும்பகுதி கரைந்துபோனது. அன்றிலிருந்து இத்தகைய பண்புகளில் தேர்வு என்று அறிவிப்பவர்களிடம் முதலில் கேட்கப்படுவது, விளைவின் அளவை ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள் ஒப்பிட்டு எடுத்தீர்களா என்பதுதான். உடன்பிறந்தவர்களுக்குள் வடக்கு தெற்கு கிடையாது.